அவையச்சமும் நினைவும்: காந்தியின் இளமைக்கால மேடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினை வகுக்கிறது. இறை என்பதனை அரசன் எனக் கொள்ளினும், தலைமை உடையார் எனப் பொதுப்படக் கொள்ளினும், அது தனி ஒருவரைக் குறிப்பதேயன்றிப் பலர் கூடிய அவையைக் குறிப்பதன்று. திருக்குறளிலோ அவைக்கு அஞ்சாமை தனி அதிகாரமாகவே அமைந்துவிடுகிறது. தன்னைப் போன்ற மாந்தர் பலர் ஒருங்கே அமர்ந்து நோக்குதல் என்னும் ஒரே காரணத்தால், தீங்கு செய்யக் கருதாத கூட்டத்தின் முன்னும் ஒருவன் நடுங்கக்கூடும், கற்றதை மறக்கக்கூடும். இவ்வச்சம் நினைவை எவ்வாறு திரிக்கிறது என்பதும், அவ்வாறு திரிந்த நினைவை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது ஆய்வாளர் எதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும். இதற்குக் காந்தியின் தன்வரலாற்றில் 1891ஆம் ஆண்டை ஒட்டி வரும் சில நிகழ்ச்சிகள் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றுள் ஒன்றற்கு அக்காலத்திலேயே அச்சான வேறொரு சான்றும் கிடைப்பதால், இரண்டனையும் ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பு நமக்கு உண்டு.

நூல்கள் கூறும் அவையச்சம்

திருக்குறளில் அவையறிதலும் அவையஞ்சாமையும் (குறள் 711-730) பொருட்பாலில் அமைச்சனுக்கு உரியனவாக வைக்கப்பட்டுள்ளன. தூது, மன்னரைச் சேர்ந்தொழுகல், குறிப்பறிதல் ஆகியவற்றின் பின்னர் இவை வருகின்றன. எனவே வள்ளுவர் பேசும் அவையச்சம் அரசியல் தொழிலுக்கு இடையூறாகும் ஒன்று. அவைக்கு அஞ்சுபவன் கற்ற நூலை அவர் போர்க்களத்தில் அஞ்சுபவன் கைவாளோடு ஒப்பிடுகிறார். வாள் இருக்கிறது, கூர்மையும் இருக்கிறது, வீசுவதற்குக் கைதான் எழவில்லை. நூல் அழிந்துபோனது என்று அவர் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. உள்ளே உள்ள கல்வி வேண்டும்போது வெளிவரவில்லை என்பதே அவர் சுட்டும் குறை. மறதிக்கு அவர் தனியே பொச்சாவாமை என்னும் அதிகாரம் வகுத்து, மிகுந்த உவகையால் வரும் சோர்வை அதன் தொடக்கத்தில் வைத்தார். அவ்வதிகாரத்தில் அச்சமும் மறதியும் ஒரே குறளில் (534) அடுத்தடுத்து வருகின்றன. ஆயினும் உவமையாக வருகின்றனவேயன்றிக் காரண காரியமாக வரவில்லை. கற்றதை இழத்தல் வேறு, கற்றது வாய்க்கு வாராமை வேறு என்னும் பகுப்பு அவர் உள்ளத்தில் இருந்தது எனக் கொள்ளலாம்.

பரிமேலழகர் அவையறிதலுக்கு உரை காணுமிடத்து, அவை மிகுதி, ஒப்பு, தாழ்வு என மூவகைப்படும் என்றும், அதனை அறிதலாவது தன்னோடு வைத்துத் தூக்கிப் பார்த்தல் என்றும் விளக்குகிறார். இவ்விளக்கம் மிக நுட்பமானது. அவைக்குத் தனியே அளவு இல்லை; பேசுவோன் தன்னை எவ்வளவாக மதிக்கிறானோ அதனைக் கொண்டே அவையின் அளவு தோன்றுகிறது. அச்சத்தின் வித்து இந்தத் துலாக்கோலிலேயே கிடக்கிறது. பேசும் பொருளை நிறுக்க வேண்டியவன் தன்னையே இடைவிடாது நிறுத்துக்கொண்டிருந்தால் பொருளின்மேல் வைக்கும் கவனம் எங்கிருந்து வரும்?

நன்னூல் இதனைக் கல்விமுறையோடு இணைக்கிறது. பவணந்தியார் தம் பொதுப்பாயிரத்தில், பாடஞ்சொல்லத் தகாத மாணாக்கருள் தொன்னூலுக்கு அஞ்சித் தடுமாறும் உள்ளத்தவனையும் சேர்த்துள்ளார். களிமகன், மடியன், கள்வன் ஆகியோரின் வரிசையில் அஞ்சுபவனையும் வைத்தது இன்றைய ஆசிரியர்க்குக் கடுமையாகத் தோன்றலாம். (நமக்கும் அப்படியே தோன்றுகிறது, வகுப்பறையில் அவனுக்கன்றோ ஆசிரியர் மிகுதியும் வேண்டும்?) ஆயினும் அவர் கூறும் கணக்கு ஒன்று இங்கே பயன்படுகிறது. ஆசான் உரைத்ததை எவ்வளவு செவ்வையாகக் கொண்டாலும் கிடைப்பது காற்கூறு புலமையே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறும் பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் நிரம்பும். இக்கணக்கின்படி, பிறர்முன் வாய்திறக்க அஞ்சுபவன் தன் புலமையில் பாதியை இழக்கிறான். அவையச்சம் கற்றதை வெளிவிடாமல் தடுப்பதோடு நில்லாது, கல்வி நிரம்பும் வழியையே அடைத்துவிடுகிறது என்பது நன்னூலிலிருந்து நாம் பெறும் கருத்தாகும்.

பலர்முன் நிற்போரின் கவனத்தையும் நினைவையும் இக்காலத்து உளவியலாரும் ஆராய்ந்துள்ளனர். 1973இல் மால்கம் பிரென்னர் ஓர் ஆய்வினை வெளியிட்டார். வட்டமாக அமர்ந்தோர் ஒருவர்பின் ஒருவராகச் சொற்களை வாய்விட்டுப் படிக்கின்றனர். பின்னர் நினைவுகூரச் சொன்னால், தம் முறைக்குச் சற்றுமுன் பிறர் படித்த சொற்களையே அவர்கள் மிகுதியும் மறந்திருக்கின்றனர். கருத்தரங்குகளில் தமக்கு முன்பேசியவர் என்ன சொன்னார் என்று தெரியாமல் மேடையேறிய நம்மில் பலருக்கு இது புதுமை அன்று. 1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் ஆகிய இருவரும் சமூக அச்சத்திற்கு ஒரு விளக்கம் அளித்தனர். அஞ்சுபவன் கூட்டத்தின் நடுவே தன் கவனத்தை உள்முகமாகத் திருப்பிக்கொள்கிறான். தன் நெஞ்சு அடிப்பதையும் கை நடுங்குவதையும் கொண்டு, பிறர் கண்ணுக்குத் தான் எவ்வாறு தோன்றுகிறான் என்று ஊகித்துக்கொள்கிறான். உண்மையில் எதிரே இருப்போர் முகத்தை அவன் காண்பதில்லை. நிகழ்ச்சி முடிந்தபின்னரும் அதனை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்து, தான் உணர்ந்ததையே நடந்ததாக உறுதிப்படுத்திக்கொள்கிறான். இவ்விளக்கத்தின் கடைசிப் பகுதி வரலாற்று மாணவர்க்கு இன்றியமையாதது. ஏனெனில் தன்வரலாறு என்னும் இலக்கிய வகையே மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தலால் உருவாவது. காந்திக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டுவது இக்கட்டுரையின் கருத்தன்று. ஒரு சான்றினைப் படிக்கும் முறைக்காகவே இவ்விளக்கம் இங்கு எடுத்தாளப்படுகிறது.

காந்தியின் சான்று

காந்தி தம் வரலாற்றை 1925ஆம் ஆண்டின் இறுதியில் நவஜீவன் இதழில் குசராத்தி மொழியில் எழுதத் தொடங்கினார். 1929இன் தொடக்கம் வரை அது தொடர்ந்து வெளிவந்தது. தமிழர் அதனைச் சத்திய சோதனை என்னும் பெயரால் அறிவர். அதில் தம் கூச்சத்தைப் பற்றி ஓர் இயலே எழுதியுள்ளார். இலண்டன் மரக்கறி உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் அவர் உறுப்பினராக இருந்தும் பேசாமலே இருந்தார். டாக்டர் அல்லின்சனைச் சங்கத்திலிருந்து விலக்கும் வழக்கு வந்தபோது, தம் மாறுபட்ட கருத்தைத் தாளில் எழுதிக்கொண்டு சென்றார், படிக்கத் துணிவு வரவில்லை, வேறொருவர் படித்தார். வெண்ட்னர் என்னும் ஊரில் நடந்த கூட்டத்திற்கும் எழுதியே கொண்டுசென்றார். ஒரு தாளுக்கு மேற்படாத உரை அது. எழுந்து நின்றதும் கண் மங்கியது, உடல் நடுங்கியது. உடன் வந்த மசும்தார் அதனைப் படிக்க நேர்ந்தது.

1891 சூன் மாதத்தில், தாயகம் திரும்புமுன், நண்பர்க்கு ஹோபர்ன் உணவகத்தில் அவர் ஒரு விருந்து அளித்தார். அங்கே பேசுவதற்கென்று சில தொடர்களே கொண்ட ஒரு சிற்றுரையை முன்னரே ஆயத்தம் செய்திருந்தார். அடிசன் நாடாளுமன்றத்தில் முதன்முதல் பேச எழுந்து, ஒரே சொல்லை மும்முறை கூறி மேற்செல்ல இயலாது நின்றதும், அதனை ஒருவர் எள்ளி நகையாடியதும் ஆகிய கதையைக் கொண்டு நகைச்சுவையாகத் தொடங்குவது அவர் திட்டம். கதையைத் தொடங்கினார், அங்கேயே நின்றுவிட்டார், நினைவு அறவே கைவிட்டது, தாமே நகைப்புக்கு இடமானார். இவ்வாறு அவர் எழுதுகிறார். பேச இயலாது நின்ற ஒருவனின் கதையைச் சொல்ல வந்தவர் அக்கதையிலேயே நின்றுபோனார் என்பது எவராலும் மறக்க இயலாத முரண். தேர்ந்தெடுத்த கதையே அவர் கவனத்தை அவர்மேல் திருப்பியிருக்கக் கூடும் என்றும் கருத இடமுண்டு.

பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நடந்தது இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. மமிபாய் என்பவரின் வழக்கு அது. முப்பது ரூபாய் ஊதியம். குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுழன்றது. மன்றமே சுழல்வதுபோல் தோன்றியது. கேட்பதற்கு ஒரு கேள்வியும் எழவில்லை. நீதிபதி சிரித்திருக்க வேண்டும் என்றும், வழக்கறிஞர்கள் அக்காட்சியைக் கண்டு மகிழ்ந்திருப்பர் என்றும் எழுதும் காந்தி, அடுத்த தொடரிலேயே தாம் எதனையும் காணும் நிலையில் இல்லை என்கிறார். அமர்ந்துவிட்டு, வழக்கைப் பட்டேல் என்பாரிடம் ஒப்படைக்குமாறு கூறினார். பட்டேலுக்கு ஐம்பத்தொரு ரூபாய். தம் கட்சிக்காரர் வென்றாரா தோற்றாரா என்பதுகூடத் தெரியாமல் விரைந்து வெளியேறினார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து எழுதப்பட்ட இப்பகுதியில் எது நினைவில் நின்றது, எது நிற்கவில்லை என்று பகுத்துப் பார்த்தல் வேண்டும். தம் ஊதியமும் பட்டேலின் ஊதியமும் ரூபாய்க் கணக்கோடு நிற்கின்றன. தலைச்சுழற்சி நிற்கிறது. வழக்கின் முடிவு அவர் அறிவுக்கே வரவில்லை. நீதிபதியின் சிரிப்போ காணப்பட்டது அன்று, ஊகிக்கப்பட்டது. காந்தி உண்மையில் அக்கறை உடையவராதலால் ஊகத்தை ஊகமாகவே எழுதினார். அவர் வரலாற்றை எடுத்துரைப்போர் இவ்வேறுபாட்டைக் காவாமல், மன்றம் நகைத்தது என்று எழுதிவிட இடமுண்டு. காணாத சிரிப்பு வரலாற்று நிகழ்ச்சியாக மாறும் வழி இதுவே.

இதழ்ச் செய்தியும் தன்வரலாறும்

ஹோபர்ன் விருந்து பற்றி 1891 சூன் 13ஆம் நாளிட்ட வெஜிடேரியன் இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. காந்தி நூல் தொகுதியின் முதல் மடலம் 1958இல் வெளிவந்தபோது அச்செய்தி அதில் சேர்க்கப்பட்டது. அதன்படி, காந்தி சற்றே நடுக்கத்தோடு, ஆயினும் மிக நயமாகப் பேசினார். வந்தோரை வரவேற்றார். இங்கிலாந்தில் புலால் மறுத்தல் வளர்ந்துவருவது தமக்கு மகிழ்ச்சி தருகிறது என்றார். சங்கத்தோடு தமக்குத் தொடர்பு ஏற்பட்ட வகையை எடுத்துரைத்தார். ஓல்ட்ஃபீல்டுக்குத் தாம் பட்ட கடனை உள்ளம் உருகக் கூறினார். அடிசன் கதை பற்றி அச்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை.

ஒரு சான்று முதல் தொடரோடு பேச்சு நின்றது என்கிறது; மற்றது குறைந்தது நான்கு செய்திகள் பேசப்பட்டன என்கிறது. இரண்டும் ஒருங்கே முழு உண்மையாதல் அரிது. இதழ்ச் செய்தியை அப்படியே ஏற்பதற்கும் தடை உண்டு. அவ்விதழ் மரக்கறி இயக்கத்தாரின் இதழ். ஓல்ட்ஃபீல்டு அதன் ஆசிரியர். காந்தி அதற்குக் கட்டுரைகள் எழுதியவர். விருந்து அளித்தவரும் அவரே. விருந்துண்டவர் விருந்தளித்தவரின் பேச்சைக் குறைகூறி எழுதார். எனவே நயம் என்ற பாராட்டை ஒதுக்கிவிடலாம். ஆனால் நடுக்கத்தை மறைக்காத செய்தியாளர், பேசப்படாத பொருள்களை வரிசையாகப் புனைந்தார் எனக் கொள்வது கடினம். எழுதிவைத்த குறிப்பை வாங்கி அச்சிட்டிருப்பரோ எனின், அடிசன் கதையை முதலாகக் கொண்ட குறிப்பில் அக்கதையே விடுபட்டிருக்காது.

மறுபுறம், காந்தி தம் தோல்வியை வேண்டுமென்றே பெருக்கினாரோ என்னும் ஐயமும் எழும். தன்வரலாற்றில் கூச்சம் தமக்குக் கேடயமாயிற்று, சொற்சுருக்கத்தைக் கற்றுத்தந்தது என்னும் முடிவை நோக்கியே அவ்வியல் நடக்கிறது. பின்வரும் நன்மையைக் காட்ட முன்வரும் தாழ்வு ஆழமாக இருத்தல் உரைநடைக்கு வசதியானது. நம் காப்பியப் புலவர்கள் அவையடக்கத்தில் தம்மைத் தாழ்த்திக்கொண்டதுபோல இதுவும் ஒரு மரபு எனலாம். கம்பர் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் காட்டிக்கொண்டார்; அதனை யாரும் சான்றாகக் கொள்வதில்லை. ஆயினும் காந்தியின் கூற்றை முழுவதும் அணிநயமாக ஒதுக்கவும் இயலாது. அதில் இடம்பெறும் உடற்குறிகள், ஊகிக்கப்பட்ட நகைப்பு, பிறர் பேசியது பற்றிய வெறுமை ஆகியன அடுத்தடுத்த மேடைகளில் ஒரே பாங்கில் வருகின்றன. அன்று அவர் சற்றுத் தடுமாறி, கதையைக் கைவிட்டு, பின்னர் வரவேற்பும் நன்றியும் கூறி அமர்ந்திருக்க வேண்டும். அவர் உள்ளம் தடுமாறிய நொடியை மட்டும் பற்றிக்கொண்டு எஞ்சியதை விட்டுவிட்டது. இதுவே நம் துணிபு. சூன் 12ஆம் நாளே அவர் கப்பலேறிவிட்டார். அச்செய்தியைத் தாங்கிய இதழின் நாள் அதற்கு மறுநாள்.

1896இல் பம்பாயில் நடந்த பொதுக்கூட்டத்திலும் இப்பாங்கினைக் காணலாம். பெரோசுசா மேத்தாவின் அறிவுரைப்படி உரையை எழுதிக்கொண்டு சென்ற காந்திக்குக் குரல் எழவில்லை. தேசுபாண்டே வாங்கிப் படித்தார். கூட்டத்தார் வாச்சாவின் பெயரைச் சொல்லிக் கூவவே, வாச்சா படித்து முடித்தார். இவை அனைத்தும் ஒழுங்காக நினைவில் நிற்கின்றன. கூட்டம் நடந்த இடத்தையோ அவர் கவாசுசி சகாங்கீர் மன்றம் என்கிறார். அம்மன்றம் கட்டப்பட்டது 1911இல். அன்றைய கூட்டம் பிராம்சி கவாசுசி நிறுவனத்தில் நடந்தது. கை நடுங்கியது நினைவில் நிற்க, நின்ற மண்டபம் மாறிவிட்டது.

அவதானியைக் கண்ட நாள்

ஹோபர்ன் விருந்து முடிந்து ஒரு திங்களுக்குள், 1891 சூலையில், காந்தி பம்பாயில் இறங்கினார். அன்றே டாக்டர் பிராண்சீவன் மேத்தாவின் இல்லத்தில் இராய்சந்த் பாயைச் சந்தித்தார். அவர் கவிஞர், சதாவதானி, வயது இருபத்தைந்திற்கு மேற்படாது. தாம் அறிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் காந்தி வரிசையாகக் கூற, அவர் அவ்வரிசை பிறழாமல் திருப்பிச் சொன்னார். அடிசன் கதையைக்கூட முடிக்க இயலாது போயிற்று என்று தம்மைப் பற்றி எண்ணியவர், இவ்வாற்றலைக் கண்டு பொறாமை கொண்டதாக எழுதுவது வியப்பன்று. ஆயினும் தம்மை ஆட்கொண்டது அதுவன்று, அவருடைய சாத்திர அறிவும் ஒழுக்கமுமே என்று உடனே தெளிவுபடுத்துகிறார்.

அவதானம் என்னும் சொல்லுக்குக் கவனம் என்பதே பொருள். நினைவுக்கலை எனப் பலரும் வழங்கினும், பெயரளவில் அது கவனக்கலையே. தெலுங்கு அட்டாவதானத்தில் அவதானியைச் சூழ்ந்து வினவுவோருள் ஒருவரின் பணி, பொருந்தாப் பேச்சுப் பேசி அவர் கவனத்தைச் சிதைப்பது. இன்னொருவர் இடையிடையே மணியடிப்பார். எத்தனை முறை அடித்தது என்று இறுதியில் சொல்லல் வேண்டும். அவையின் இடையூறே அங்கு ஆட்டவிதியாகிவிடுகிறது. தென்திருவாங்கூரின் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றார். இவர்கள் அவைக்கு அஞ்சாதவராகப் பிறந்தவர் எனக் கருதுவதைக் காட்டிலும், அவர்தம் பயிற்சியின் அமைப்பை நோக்குவது பயனுடையது. ஒவ்வொரு நொடியும் வெளியிலிருந்து வரும் ஒரு வினாவுக்குக் கவனத்தைக் கொடுத்தாக வேண்டும். தன்னை நிறுத்துப் பார்க்கும் துலாக்கோலைக் கையில் எடுக்க அவதானிக்கு இடைவெளியே இல்லை.

காந்திக்கு அவ்வகைப் பயிற்சி வாய்க்கவில்லை. அவருக்கு வாய்த்தது வேறு. 1893இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர் கூட்டத்தில் வாணிகத்தில் வாய்மை என்பது பற்றிப் பேசினார்; அதுவே தம் முதற் பொதுச்சொற்பொழிவு எனலாம் என்கிறார். பேச வேண்டிய பொருள் தன்னைவிடப் பெரிதாக இருந்த இடங்களில் அவர் நா எழுந்தது. இது நிலையான தீர்வும் அன்று. மூன்றாண்டு கழித்துப் பம்பாயில் மீண்டும் நடுங்கினார் என்பதை மேலே கண்டோம்.

பம்பாய்க் கூட்டத்திற்கு ஒரு மாதம் கழித்து, 1896 அக்டோபர் 26ஆம் நாள், சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் காந்தி பேசினார். நேட்டாலில் இருந்த தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி பாலசுந்தரத்தின் செய்தி இங்கே முன்னரே பரவியிருந்தது. முதலாளி அடித்ததால் முன்பற்கள் இரண்டு உடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி காந்தியின் அலுவலகத்திற்கு வந்து நின்றவர் அவர். வெள்ளையர்முன் தலைப்பாகையை அகற்றி நிற்பது ஒப்பந்தத் தொழிலாளர்மேல் சுமத்தப்பட்ட வழக்கம். காந்தி அதனைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். சென்னை உரை அச்சிடப்பெற்றிருந்தது. தம் அளவில் அது நீண்ட உரை என்கிறார் காந்தி. இக்கூட்டத்தைப் பற்றி எழுதும்போது நடுக்கமோ தலைச்சுழற்சியோ எதுவும் அவர் நினைவுக்கு வரவில்லை. அவையோர் ஒவ்வொரு சொல்லையும் ஊன்றிக் கேட்டனர் என்பதைத்தான் எழுதுகிறார். அவரது தன்வரலாற்றின் தொடக்கக் கால மேடைகளுள், அவையின் முகம் நோக்கி எழுதப்பட்ட பகுதி இது.